ஸ்னோஃபிளேக் மெதுவாகிறதா? வேர்ஹவுஸைப் பெரிதாக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வர வேண்டிய விற்பனை அறிக்கை வரவில்லை. பத்து மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பத்தேகாலுக்கு இன்னொன்று. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் எங்கள் குழு செய்த முதல் காரியம், எங்கள் தரவு இருந்த ஸ்னோஃபிளேக் என்ற மேகத் தரவுச் சேவையில் வேர்ஹவுஸின், அதாவது வேலையை ஓட்டும் கணினிக் கூட்டத்தின், அளவை மீடியத்திலிருந்து லார்ஜுக்கு உயர்த்தியதுதான். அடுத்த வாரமும் தாமதம். எக்ஸ் லார்ஜ் ஆக்கினோம். மணிக்கு 4 கிரெடிட் (ஸ்னோஃபிளேக் கட்டணம் கணக்கிடும் அலகு) தின்றுகொண்டிருந்தது 16 கிரெடிட் தின்னத் தொடங்கியது. அறிக்கை மட்டும் அதே பத்தரை மணிக்குத்தான் வந்தது.

மூன்றாவது வாரம்தான் ஒருவருக்கு அந்த அறிக்கையைத் தயாரிக்கும் குவெரியின், அதாவது தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளையின், வரலாற்றைத் திறந்து பார்க்கத் தோன்றியது. மொத்த நேரம் 31,80,000 மில்லி விநாடி, அதாவது 53 நிமிடம். அதில் குவெரி உண்மையில் ஓடியது 41,000 மில்லி விநாடி. கம்பைல் ஆனது 1,200. மீதி முழுவதும் பூட்டுக்காகக் காத்திருந்த நேரம். அறிக்கைக்கான அட்டவணையில் எங்கள் மெர்ஜ் கட்டளை எழுதக் காத்திருக்க, வேறொரு குழுவின் அப்டேட் கட்டளை அதே அட்டவணையைப் பிடித்து வைத்திருந்தது. அந்த அப்டேட் ஓடியது அவர்களுடைய வேர்ஹவுஸில். எங்கள் வேர்ஹவுஸை எவ்வளவு ஊதினாலும் அவர்கள் வேலை ஒரு விநாடிகூட முன்னதாக முடியப்போவதில்லை.

‘மெதுவாக இருக்கிறது’ என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்று சொல்வதைப் போல, அதற்குள் நாலைந்து காரணங்கள் இருக்கின்றன. எந்தக் காரணம் என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாட்டைத்தான் இங்கே கண்காணிப்பு என்கிறேன். வண்ண வண்ண டாஷ்போர்டு அதற்கு அப்புறம்.

தொடங்குமுன் இரண்டு பெயர் விஷயங்கள். ஸ்னோஃபிளேக்கில் ‘வேர்ஹவுஸ்’ என்றால் தரவு கிடக்கும் கிடங்கு அல்ல. குவெரியை ஓட்டும் கணினிக் கூட்டம். தரவு தனியாக வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்களை மன்னித்துவிட்டு மேலே போகலாம். இரண்டாவது, வியூ (அட்டவணை போலவே தெரியும், சேமித்து வைத்த குவெரி), நெடுவரிசைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோட்டுடன் இருக்கும்.

படி 1: உரிமை, தனி வேர்ஹவுஸ், நேர மண்டலம்

ஒவ்வொரு ஸ்னோஃபிளேக் கணக்கிலும் ‘ஸ்னோஃபிளேக்’ என்ற பெயரிலேயே ஒரு தரவுத்தளம் இருக்கும். அதற்குள் ‘அக்கவுன்ட் யூசேஜ்’ என்ற ஸ்கீமா, அதாவது பதிவேடுகளின் தொகுப்பு. கணக்கில் நடந்த எல்லாம் அங்கே பதிவாகின்றன. இயல்பாக இதைப் பார்க்கும் உரிமை அக்கவுன்ட் அட்மின் ரோலுக்கு மட்டும்தான். அந்த ரோலிலேயே தினமும் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். கண்காணிப்புக்கென்று ஒரு ரோல் உருவாக்கி, அந்தத் தரவுத்தளத்தின் மீது ‘இம்போர்ட்டட் பிரிவிலேஜஸ்’ உரிமையை அதற்குக் கொடுங்கள்.

கூடவே எக்ஸ் ஸ்மால் அளவில் ஒரு வேர்ஹவுஸையும் ஒதுக்குங்கள். மணிக்கு 1 கிரெடிட்தான். நெரிசலில் திணறும் வேர்ஹவுஸிலேயே கண்காணிப்புக் குவெரியையும் ஓட்டினால் அதுவும் வரிசையில் போய் நிற்கும். எப்போது தேவையோ அப்போது பதில் வராது.

அடுத்தது சிறிய விஷயம், ஆனால் பலரைச் சுற்றவிட்ட விஷயம். ஸ்னோஃபிளேக்கின் நேர மண்டலம் இயல்பாக லாஸ் ஏஞ்சலஸ். நீங்கள் மாற்றாதவரை, சென்னையில் காலை ஒன்பதரைக்கு ஓடிய குவெரி முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ ஓடியதாகத் தெரியும். அமெரிக்கக் கோடையில் வேறுபாடு பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நவம்பர் வந்ததும் ‘உச்ச நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது’ என்று ஒருவர் அறிக்கை எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கண்காணிப்புப் பயனருக்கு ‘டைம்சோன்’ அளவுருவை ‘ஏசியா கொல்கத்தா’ என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

படி 2: எந்தக் கேள்விக்கு எந்தப் பதிவேடு

அக்கவுன்ட் யூசேஜில் உள்ள ‘குவெரி ஹிஸ்டரி’ ஓராண்டு வரலாற்றை வைத்திருக்கிறது. ஆனால் இப்போது ஓடிய குவெரி அதில் தெரிய 45 நிமிடம் வரை ஆகலாம். கிரெடிட் கணக்கைச் சொல்லும் ‘வேர்ஹவுஸ் மீட்டரிங் ஹிஸ்டரி’க்கு 3 மணி நேரம் வரை தாமதம் உண்டு. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இருக்கும் ‘குவெரி ஹிஸ்டரி’ ஃபங்ஷனோ உடனடியாகப் பதில் தரும், ஆனால் 7 நாள் வரலாறுதான்.

ஆக, ‘இந்த நிமிடம் என்ன நடக்கிறது’ என்பதற்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமா. ‘போன மாதத்துக்கு இந்த மாதம் எப்படி’ என்பதற்கு அக்கவுன்ட் யூசேஜ். இதை மாற்றிப் பிடித்து, முக்கால் மணி நேரம் பழைய பதிவேட்டின் மேல் அவசர எச்சரிக்கை கட்டியவர்கள் நிறையப் பேர்.

படி 3: நேரத்தைக் கூறு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். குவெரி ஹிஸ்டரியில் ஒவ்வொரு குவெரிக்கும் ‘டோட்டல் எலாப்ஸ்டு டைம்’ என்று மொத்த நேரம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அந்த நேரம் எங்கே போனது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாம் மில்லி விநாடியில்.

‘கம்பைலேஷன் டைம்’: குவெரியைப் படித்து ஓட்டத் திட்டம் போட ஆன நேரம். இது பல விநாடிகளாக நீண்டால், வியூவின் மேல் வியூ, அதன் மேல் இன்னொரு வியூ என்று யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வேர்ஹவுஸைப் பெரிதாக்கினால் இது குறையாது.

‘கியூட் ப்ரொவிஷனிங் டைம்’: தூங்கிக்கொண்டிருந்த வேர்ஹவுஸ் எழுந்து தயாராக ஆன நேரம். காலையின் முதல் குவெரியில் ஓரிரு விநாடி இருந்தால் கவலை வேண்டாம்.

‘கியூட் ஓவர்லோட் டைம்’: வேர்ஹவுஸ் விழித்துத்தான் இருக்கிறது, ஆனால் இடமில்லை. குவெரி வரிசையில் நிற்கிறது.

‘டிரான்சாக்ஷன் பிளாக்டு டைம்’: இன்னொரு பரிவர்த்தனை பிடித்திருக்கும் பூட்டு விடுபடும்வரை காத்திருந்தது. எங்களைச் சாய்த்தது இதுதான். படிக்க மட்டும் செய்யும் செலக்ட் குவெரியை இது தொடாது. அப்டேட், டெலிட், மெர்ஜ் போன்ற கட்டளைகள் ஒரே அட்டவணையில் மோதும்போதுதான் வரும். ஒரு கட்டளை பூட்டுக்காக இயல்பாக 12 மணி நேரம் வரை காத்துக் கிடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘லாக் டைம்அவுட்’ அளவுருவில் இதைக் குறைக்கலாம்.

‘எக்ஸிக்யூஷன் டைம்’: உண்மையில் ஓடிய நேரம். குவெரியைத் திருத்துவதோ வேர்ஹவுஸைப் பெரிதாக்குவதோ பயன் தருவது, மொத்த நேரத்தில் பெரும்பங்கு இங்கே இருந்தால்தான்.

வேர்ஹவுஸ் வாரியாக, மணி வாரியாக இந்த ஐந்தையும் கூட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை வரைபடமாகப் போடுங்கள். முதல் பார்வையிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

படி 4: சராசரியைத் தூக்கிப் போடுங்கள்

நூறு குவெரி ஓடியது என்று வையுங்கள். 90 குவெரிக்கு ஒரு விநாடி, 10 குவெரிக்கு நூறு விநாடி. சராசரி 10.9 விநாடி. ஆனால் அந்த நூறு பேரில் ஒருவர்கூடப் பதினோரு விநாடி காத்திருக்கவில்லை. தொண்ணூறு பேருக்குப் புகாரே இல்லை. பத்துப் பேர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். இடைநிலை மதிப்பு ஒரு விநாடி, 95ஆம் சதமானம் (நூறில் 95 குவெரி இதற்குள் முடிந்துவிடும் என்ற எல்லை) நூறு விநாடி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை தெரிகிறது. ஸ்னோஃபிளேக்கில் இதற்கு ‘அப்ராக்ஸ் பெர்சென்டைல்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

கணக்கில் எதைச் சேர்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒருவர் ஓட்டிய அதே குவெரியை, அடியில் உள்ள தரவு மாறாத நிலையில், இன்னொருவர் 24 மணி நேரத்துக்குள் ஓட்டினால் ஸ்னோஃபிளேக் பழைய விடையையே எடுத்துக் கொடுத்துவிடும். அது மில்லி விநாடிக் கணக்கு. இப்படிப்பட்ட குவெரிகளும் ‘ஷோ’ போன்ற சில்லறைக் கட்டளைகளும் சேர்ந்தால் இடைநிலை மதிப்பு செயற்கையாக அழகாகிவிடும். வேர்ஹவுஸையே தொடாத குவெரிகளுக்கு ‘வேர்ஹவுஸ் சைஸ்’ நெடுவரிசை காலியாக இருக்கும், அவற்றை வடிகட்டுங்கள். தோற்றுப்போனவற்றைத் தனியாக எண்ணுங்கள். இரண்டு விநாடியில் பிழையாகி விழுந்த குவெரி வேகமான குவெரி ஆகாது.

இன்னொரு நெடுவரிசையைப் பலரும் கவனிப்பதில்லை: ‘குவெரி பராமீட்டரைஸ்டு ஹேஷ்’. நேற்றைய தேதியோடு ஓடியதும் இன்றைய தேதியோடு ஓடியதும் ஒரே குவெரிதான் என்று அது சேர்த்துக் காட்டும். அதைக் கொண்டு ஒரு குவெரியை அதன் பழைய ஓட்டங்களோடு ஒப்பிடலாம். திங்களைத் திங்களோடு ஒப்பிடுங்கள். மாதத்தின் முதல் தேதியை முந்தைய முதல் தேதியோடு. ஞாயிற்றுக்கிழமையோடு திங்களை வைத்துப் பார்த்தால் வாரந்தோறும் பீதிதான்.

படி 5: வரிசையா, வலுவின்மையா

‘வேர்ஹவுஸ் லோட் ஹிஸ்டரி’ ஐந்து நிமிடத் துண்டுகளாகக் கணக்குக் கொடுக்கிறது. அதில் ‘ஆவரேஜ் ரன்னிங்’ என்பது சராசரியாக எத்தனை குவெரி ஓடிக்கொண்டிருந்தன என்பது. ‘ஆவரேஜ் கியூட் லோட்’ எத்தனை வெளியே நின்றன என்பது. இரண்டாவது எண் தினமும் ஒரே நேரத்தில் ஒன்றைத் தாண்டி நின்றால் நெரிசல் உண்மை.

இங்கேதான் பலரும் தவறான மருந்தைக் கொடுக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்றால் இன்னொரு பந்தி போட வேண்டும். இலையைப் பெரிதாக வெட்டிப் பயனில்லை. சிறு சிறு குவெரிகள் நிறைய நிற்கின்றன என்றால் கிளஸ்டர் எண்ணிக்கையை, அதாவது ஒரே வேர்ஹவுஸில் சேர்ந்து ஓடும் கணினிக் கூட்டங்களின் எண்ணிக்கையை, கூட்ட வேண்டும். மல்டி கிளஸ்டர் வசதி என்டர்பிரைஸ் பதிப்பிலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாதவர்கள் வேலைகளை இரண்டு வேர்ஹவுஸாகப் பிரிக்கலாம்: தரவு ஏற்றுவது ஒன்றில், அறிக்கைகள் இன்னொன்றில். இந்தப் பிரிவினையை நான் பதிப்பு எதுவானாலும் செய்யச் சொல்வேன்.

அளவைக் கூட்ட வேண்டிய இடத்துக்கு வேறு அடையாளம் உண்டு. குவெரி ஹிஸ்டரியில் ‘பைட்ஸ் ஸ்பில்டு டு லோக்கல் ஸ்டோரேஜ்’, ‘பைட்ஸ் ஸ்பில்டு டு ரிமோட் ஸ்டோரேஜ்’ என்று இரண்டு நெடுவரிசைகள். நினைவகம் போதாமல் இடைக்கால விடைகள் வழிந்து போன அளவு அது. வேர்ஹவுஸின் உள் வட்டுக்கு வழிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தொலைவில் உள்ள சேமிப்பு வரை வழிந்தால் குவெரி தவழும். ஒரு முக்கியக் குவெரி வாரா வாரம் ரிமோட்டுக்கு வழிகிறது என்றால், ஒரு படி பெரிய வேர்ஹவுஸில் ஓட்டிப் பாருங்கள். அளவு ஒரு படி ஏறினால் மணிக்கான கிரெடிட் இரட்டிப்பாகும். நேரம் பாதியாகக் குறைந்துவிட்டால் செலவு அதேதான். பாதிக்கும் கீழே போனால் இலாபம்.

படி 6: தேவைக்கு மேல் படிக்கிறதா

ஸ்னோஃபிளேக் தரவை மைக்ரோ பார்டிஷன்களாக வெட்டி வைக்கிறது. ஒவ்வொன்றும் சுருக்காத நிலையில் 50 முதல் 500 மெகாபைட். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நெடுவரிசையின் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு எது என்ற குறிப்பு இருப்பதால், தேவையில்லாத துண்டுகளைத் திறக்காமலே தாண்டிப் போக முடியும். ‘பார்டிஷன்ஸ் ஸ்கேன்டு’, ‘பார்டிஷன்ஸ் டோட்டல்’ இரண்டையும் வகுத்துப் பாருங்கள்.

ஒரு மாத விற்பனையைக் கேட்கும் குவெரி, நான்கு ஆண்டுத் தரவில் 12,400 துண்டுகளில் 12,400-ஐயும் படிக்கிறது என்று வையுங்கள். குவெரியைத் திறந்தால், தேதி நெடுவரிசையை எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தை ‘2024-03’ என்பதோடு ஒப்பிட்டிருப்பார்கள். எழுத்தாக மாற்றியபின் அந்தக் குறிப்பு பெரும்பாலும் உதவாமல் போகிறது. தேதியைத் தேதியாகவே விட்டு, மார்ச் 1 முதல் ஏப்ரல் 1-க்கு முன்பு வரை என்று வரம்பாகக் கேளுங்கள். தரவு தேதி வரிசையில் ஏறியிருந்தால் படிக்கும் துண்டுகள் சில நூறாகக் குறையும். அளவு, கிளஸ்டர், பணம் எதுவும் தேவையில்லை. இரண்டு வரி மாற்றம். ‘அளவைக் கூட்டிப் பார்ப்போம்’ என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் முதலில் இந்த விகிதத்தைக் கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

படி 7: சும்மா ஓடும் மீட்டர்

வேர்ஹவுஸ் விழித்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் கட்டணம். ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் குறைந்தது 60 விநாடிக்கு. குவெரி ஓடுகிறதா இல்லையா என்று மீட்டர் பார்ப்பதில்லை. குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு வேர்ஹவுஸை உருவாக்கி வேறு எதுவும் சொல்லாவிட்டால், அது 600 விநாடி வேலையில்லாமல் இருந்தபிறகுதான் தூங்கும்.

இப்போது ஓர் அறிக்கைக் கருவி ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடிக் குவெரி ஒன்றை அனுப்புகிறது என்று கொள்ளுங்கள். வேர்ஹவுஸ் தூங்கவே தூங்காது. மீடியம் என்றால் நாளுக்கு 96 கிரெடிட். தூங்கும் நேரத்தை 60 விநாடியாக்கினால், நாளுக்கு 160 முறை, ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். 12 முதல் 17 கிரெடிட்டில் முடிந்துவிடும். மறுபக்கமும் உண்டு. வேர்ஹவுஸ் தூங்கும்போது அதன் உள் வட்டில் சேர்ந்திருந்த கேஷும் (முன்பு படித்த தரவின் நகல்) போய்விடலாம். ‘பெர்சென்டேஜ் ஸ்கேன்டு ஃப்ரம் கேஷ்’ எண்ணைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்யுங்கள்: தரவு ஏற்றும் வேர்ஹவுஸுக்கு 60 விநாடி, பகல் முழுக்க ஒரே அட்டவணைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் அறிக்கை வேர்ஹவுஸுக்குச் சில நிமிடங்கள்.

வேர்ஹவுஸ் மீட்டரிங் ஹிஸ்டரியில் ‘கிரெடிட்ஸ் யூஸ்டு கம்ப்யூட்’ என்பதிலிருந்து ‘கிரெடிட்ஸ் ஆட்ரிபியூட்டட் கம்ப்யூட் குவெரீஸ்’ என்பதைக் கழித்தால் சும்மா இருந்ததற்குக் கொடுத்த காசு கிடைக்கும். நிதிப் பிரிவினர் நம்மிடம் வந்து கேட்கும் முன்னால் நாமே பார்த்துவிட வேண்டிய எண் இது.

ஒவ்வொரு வேலைக்கும் ‘குவெரி டேக்’ போடும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள். எந்தக் குழு, எந்த அறிக்கை என்று அதில் எழுதினால் போதும். பெயரில்லாத ஆயிரம் குவெரிகளில் திருடனைத் தேடுவது சலிப்பான வேலை.

படி 8: தரவின் புதுமையும் ஓர் அளவீடுதான்

மூன்று விநாடியில் திறக்கும் அறிக்கையில் முந்தாநாள் தரவு இருந்தால் அந்த வேகத்தால் என்ன பயன்? முக்கியமான ஒவ்வொரு அட்டவணையிலும் கடைசியாக ஏறிய நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பதிவு செய்யுங்கள். காரணம் தேட ‘டாஸ்க் ஹிஸ்டரி’யும் ‘காப்பி ஹிஸ்டரி’யும் உதவும்.

படி 9: எச்சரிக்கைகள், கொஞ்சமாக

இருபது எச்சரிக்கை வைத்த குழுவில் இரண்டாவது மாதம் யாரும் அஞ்சலைத் திறப்பதில்லை. நான் நான்கோடு நிறுத்துவேன். அறிக்கை வேர்ஹவுஸில் தொடர்ந்து 15 நிமிடம் வரிசை நிற்பது. ஒரு குவெரி ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடுவது. முக்கிய அட்டவணையின் தரவு வாக்களித்த நேரத்தைத் தாண்டிப் பழையதாவது. நாளின் கிரெடிட், முந்தைய நான்கு வாரங்களின் அதே கிழமையைவிட ஒன்றரை மடங்காவது. இந்த வரம்புகள் என் வசதிக்கு ஏற்றவை. உங்கள் 95ஆம் சதமானத்தைப் பார்த்து உங்களுடையதை வையுங்கள். ஸ்னோஃபிளேக்கின் ‘அலர்ட்’ பொருளிலேயே இவற்றை எழுதி, அதிலிருந்தே மின்னஞ்சலும் அனுப்பலாம்.

எச்சரிக்கையோடு இரண்டு தடுப்புகளும் தேவை. ஒன்று, ‘ஸ்டேட்மென்ட் டைம்அவுட் இன் செகண்ட்ஸ்’. இதன் இயல்பு மதிப்பு 1,72,800. அதாவது அட்டவணைகளை இணைக்கத் தவறாக எழுதிய ஒரு ஜாயின் முழுதாக இரண்டு நாள் ஓடலாம். அறிக்கை வேர்ஹவுஸுக்கு இதை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, ‘ரிசோர்ஸ் மானிட்டர்’. கிரெடிட் வரம்பை எட்டியதும் இது தகவல் சொல்லும், வேண்டுமானால் வேர்ஹவுஸையே நிறுத்தும். ஆனால் அது காவல் காப்பது வேர்ஹவுஸ்களை மட்டும்தான். ஸ்னோஃபிளேக் தானே ஓட்டும் சர்வர்லெஸ் வேலைகள் அதன் கண்ணில் படா.

வேறு தரவுக் கிடங்குச் சேவையில் வேலை செய்பவர்களுக்கும் கேள்விகள் இவைதான், பதிவேட்டின் பெயர் மட்டும் மாறும். அமேசான் ரெட்ஷிஃப்டில் ‘சிஸ் குவெரி ஹிஸ்டரி’ வரிசையில் நின்ற நேரத்தையும் ஓடிய நேரத்தையும் பிரித்துத் தருகிறது. அங்கே அலகு மைக்ரோ விநாடி என்பதால் மூன்று சுழி ஏமாற்றும். கூகுள் பிக்குவெரியில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் ‘ஜாப்ஸ்’ வியூ 180 நாள் வரலாறு வைத்திருக்கிறது. அங்கே ஆன் டிமாண்ட் முறையில் படிக்கும் பைட்டுக்குத்தான் கட்டணம் என்பதால் ஆறாவது படி முதல் படியாகிவிடும்.

எங்கள் திங்கட்கிழமைக் கதையின் மிச்சம் இது. இன்னொரு குழுவோடு பேசி, அவர்களுடைய அப்டேட்டைக் காலை ஐந்து மணிக்கு மாற்றினோம். அடுத்த வாரம் அறிக்கை ஒன்பதரைக்கு வந்துவிட்டது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். வேர்ஹவுஸ் எக்ஸ் லார்ஜிலேயே நிற்கிறது என்பது ஒருவர் நினைவிலும் இல்லை. மாதக் கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அன்றுமுதல் ‘வேர்ஹவுஸ் ஈவென்ட்ஸ் ஹிஸ்டரி’யிலிருந்து அளவு மாற்றங்களை மட்டும் எடுத்து, யார், எப்போது மாற்றினார் என்று வாராந்தரப் பக்கத்தின் முதல் வரியிலேயே போட்டு வைக்கிறோம்.